தூங்குகிறவர்கள் இருக்கும் கூடம்

மார்ச் 11

மூடுபனி. மதியம் மூன்று மணிக்கே விளக்குப் போட்டேன். இந்த ஊர்ப் பனி கதவைத் தட்டாது. திறந்தால் சொந்தக்காரர் மாதிரி உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

கணக்கு எழுதியாயிற்று. மளிகை, சோப்பு, கூடத்துக்கு விளக்கெண்ணெய், துடைப்பம் ஒன்று. நோட்டின் முன்பக்கத்திலிருந்து கணக்கு வரும், பின்பக்கத்திலிருந்து இது வரும். இரண்டும் எங்கே முட்டிக்கொள்கிறதோ அன்றைக்குப் புது நோட்டு.

சாயங்காலம் கூடத்தைப் பெருக்கப் போனேன். மலைப்பாதை தொடங்குகிற இடத்தில் எங்கள் பிரார்த்தனைக் கூடம். வாரத்தில் ஒருநாள் காலை ஏழு மணிக்கு வழிபாடு, மற்ற ஆறு நாளும் பூட்டித்தான் கிடக்கும். அதைப் பெருக்கி விளக்கேற்றுவது பதினெட்டு வருடமாக என் வேலை, சாவியும் என் இடுப்பில்தான். இன்று தாழ்வாரத்தில் இரண்டு பெண் பிள்ளைகள் ஒண்டிக்கொண்டு நின்றார்கள். முதுகில் ஆளுயர மூட்டை. மலை ஏற வருகிறவர்களுக்கு இந்த ஊரில் மூட்டைக்காரர்கள் என்றே பெயர். என் வீட்டுக்காரர் ஓட்டுகிற கடைசி பஸ்ஸைத் தவறவிட்டிருக்கிறார்கள். ஒருத்திக்கு உதடு நீலம் பாரித்திருந்தது.

கடைத்தெருவில் லாட்ஜ் இருக்கிறது, என் நாத்தனாருடையதுதான், போய்க் கேளுங்கள் என்றேன்.

"அங்கதான்க்கா முதல்ல போனோம். வாடகையைச் சொன்னதும் காலு தானா வெளிய வந்துடுச்சு."

சிரித்துவிட்டேன். வீட்டுக்குக் கூப்பிடலாம் என்றால் எங்களுக்கு இருப்பது ஒரு அறை, ஒரு அடுப்படி. இவர் கால் நீட்டினால் அறை முடிந்துவிடும்.

கூடத்தைத் திறந்தேன். குளிருக்கென்று அங்கே இருக்கும் அடுப்பில் விறகு வைத்தேன். சாமி, ஒரு ராத்திரிதான்.

மார்ச் 12

விடியற்காலையிலேயே போய்விட்டார்கள். பெஞ்சுகள் இருந்த இடத்தில் இருந்தன. தரையைப் பெருக்கியிருந்தார்கள் — நான் பெருக்குவதைவிடச் சுத்தமாக. கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

அவர்கள் படுத்திருந்த இடத்தில் மட்டும் தரை வெதுவெதுப்பாக இருந்ததுபோல் தோன்றியது. உள்ளங்காலை வைத்து வைத்துப் பார்த்தேன். மனப்பிரமையாகத்தான் இருக்கும்.

மார்ச் 20

இந்த வாரத்தில் இன்னும் நான்கு பேர். யார் சொல்லி அனுப்புகிறார்கள் என்று பார்த்தால் — இவர்தான்! பஸ்ஸில் ஏறுகிற மூட்டைக்காரர்களிடம் எல்லாம், "ராத்திரி தங்க இடம் இல்லேன்னா கூடத்துக்கிட்ட பச்சைக் கதவு வீடு, என் பொண்டாட்டி" என்று சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் என்னிடம், "ஏம்மா, சத்திரம் நடத்துறியாமே, ஊரே பேசுது" என்கிறார். ஒன்றும் தெரியாத முகம்.

"ஏங்க, நீங்கதான் ஆள் அனுப்பறீங்களாமே?"

"நான் பஸ் டிரைவர். ஏத்தறதும் எறக்கறதும் என் தொழில். படுக்க வைக்கிறது வார்டனம்மா தொழில்."

அன்றிலிருந்து வார்டனம்மா.

ஒழுங்கு ஒன்று வைத்துக்கொண்டேன். வழிபாட்டுக்கு முந்தின ராத்திரி யாருக்கும் இடம் கிடையாது. விறகுக்கு மட்டும் ஏதாவது தரலாம், கூடத்து விறகுக் கணக்கில் 'மூட்டைக்காரர்கள் உபயம்' என்று எழுதிவிடுவேன். செருப்பு தாழ்வாரத்தில். விளக்குக்கு எதிரே கால் நீட்டக் கூடாது.

கூடத்துக் கமிட்டியில் யாரிடமும் இன்னும் சொல்லவில்லை. கேட்டால் சொல்லலாம் என்று இருக்கிறேன். கேட்காததற்குப் பதில் சொல்லாமல் இருப்பது பொய்யாகுமா?

மார்ச் 26

மேலே என்ன இருந்தது என்று வருகிற ஒவ்வொருவரிடமும் கேட்கிறேன். இத்தனை வருடம் இங்கே இருந்தும் நான் பாதி மலைக்குக்கூடப் போனதில்லை. ஒருத்தர் கழுகு என்றார். ஒருத்தர் கண்ணாடி மாதிரி ஒரு குட்டை என்றார். இன்று வந்த தாடிக்காரர் யோசித்துவிட்டு, "ஒண்ணுமே இல்லம்மா. மேகம்தான் இருந்துச்சு. ரெண்டு மணி நேரம் அதுக்குள்ள உக்காந்திருந்தேன். நல்லா இருந்துச்சு" என்றார்.

எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

அவர்கள் காயப்போட்ட காலுறைகளிலிருந்து ஆவி எழுந்தது. வரிசையாக, ஒவ்வொரு காலுறையும் ஏதோ சொல்லிக்கொண்டிருப்பது மாதிரி. விளக்கின் சுடர் அந்த ஆவிக்குள் ஆடியது. அருவருப்பு வர வேண்டும், வரவில்லை. பாடத் தோன்றியது.

ஏப்ரல் 2

கனவு. கூடம் மிதந்துகொண்டிருக்கிறது, பனிக்கு மேலே, தோணிபோல. உள்ளே எல்லோரும் தூங்குகிறார்கள். நான் மட்டும் வாசலில் நின்று வழி பார்க்கிறேன். எங்கே போகிறது என்று தெரியவில்லை, ஆனால் கவலையும் இல்லை.

இவரிடம் சொன்னேன். "டிக்கெட் போட்டியா?" என்றார்.

ஏப்ரல் 10

தப்பு செய்கிறேன் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். நாளை வழிபாடு. இன்று படுக்க வைத்துவிட்டேன்.

ஐந்து பேர். பனியில் மூன்று நாள் வழி தவறியிருக்கிறார்கள். ஒரு அம்மாவுக்குக் கணுக்கால் வீங்கி இட்லிப் பானை மூடி மாதிரி ஆகியிருந்தது. ஐந்து பேருக்கு லாட்ஜில் வாடகை கொடுத்தால் ஊர் திரும்பக் காசிருக்காது என்றார்கள். என் ஒழுங்கை நானே சொன்னேன். "சரிம்மா" என்று உடனே மூட்டையைத் தூக்கினார்கள். சண்டை போட்டிருந்தால் அனுப்பியிருப்பேன். சரிம்மா என்றதும் என்னால் முடியவில்லை.

ஐந்து மணிக்குப் போய் எழுப்பிவிட வேண்டும். ஏழு மணிக்குள் பெருக்கித் துடைத்துவிடலாம்.

ஏப்ரல் 11

எப்படி எழுதுவது? நடந்தபடியே எழுதுகிறேன்.

ஐந்து மணிக்குப் போனேன். இருட்டு, பனி, விளக்கு மட்டும். ஐந்து பேரும் ஒரே பக்கமாகத் திரும்பிப் படுத்திருந்தார்கள், காற்றடித்த பயிர் மாதிரி. மூச்சு வந்து போய்க்கொண்டிருந்தது. கால் வீங்கிய அம்மா தூக்கத்தில் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார். எழுப்ப வேண்டும் என்று குனிந்தேன். இன்னும் ஐந்து நிமிடம் என்று உட்கார்ந்தேன். சுவரில் சாய்ந்தேன்.

அவ்வளவுதான். நானும் தூங்கிவிட்டேன். பதினெட்டு வருடத்தில் ஒருநாள்கூட விடிந்த பிறகு தூங்கியதில்லை, நான்!

பாட்டு கேட்டது. முதலில் கனவு என்றுதான் நினைத்தேன். தண்ணீருக்கு அடியிலிருந்து யாரோ பாடுவது மாதிரி இருந்தது. தெரிந்த பாட்டுதான், வழிபாடு தொடங்கும்போது நாங்கள் பாடுவது. ஆனால் அதை இப்படி நான் கேட்டதே இல்லை. எங்கள் ஆட்கள் பாடினால் ஜன்னல் கண்ணாடி அதிரும்.

கண்ணைத் திறந்தேன். ஊரே நிற்கிறது.

சுவரோரமாக, தூங்குகிறவர்களைச் சுற்றி, கால் வைக்க இடம் பார்த்துப் பார்த்து நிற்கிறார்கள். எல்லோரும் மூச்சுக்குள்ளே பாடுகிறார்கள். முன்வரிசைத் தையல்காரர் — தொண்டைக்காகவே வெண்கலம் என்று அவருக்குப் பெயர் — ஒரு கையால் வாயைப் பாதி மூடிக்கொண்டு பாடுகிறார். கமிட்டிச் செயலாளரான மருந்துக்கடைக்காரர் பாட்டுப் புத்தகத்தின் தாளைச் சத்தம் வராமல் புரட்டுகிறார். என் நாத்தனார் நேரே என்னைத்தான் பார்க்கிறார். பார்வை சுட்டது. ஆனால் அவர் வாயும் அசைந்துகொண்டிருந்தது. மெல்ல. மெல்லத்தான்.

உட்கார்ந்தபடியே நானும் பாடினேன்.

ஐந்து பேரில் ஒருத்தர் விழித்தார். விழித்தவர் எழுந்திருக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டே படுத்திருந்தார். கண்ணோரம் நனைந்திருந்தது.

வழிபாடு முடிந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பனிக்குள் போனார்கள். ஒவ்வொருவராக மறைந்தார்கள்.

சாமி, நீயும் அப்போது மெல்லத்தான் மூச்சு விட்டாயா?

ஏப்ரல் 12

வெண்கலம் வந்தார். இவருடைய சட்டைக்குப் பொத்தான் தைத்துத் தர வந்தவர் பொத்தானைப் பற்றிப் பேசவே இல்லை.

"தங்கச்சி, நேத்து நான் ஏன் வாயைப் பொத்திக்கிட்டேன்?"

"தெரியலையேண்ணே."

"எனக்கும் தெரியல. யாரும் சொல்லல. உள்ள வந்தேன், படுத்திருந்தாங்க, தொண்டை தானா அடங்கிருச்சு. நாப்பது வருஷமா சாமிக்கு முன்னாடி முழுத்தொண்டையில பாடினவன் நேத்து முணுமுணுத்துட்டு வந்திருக்கேன். மனசு கேக்கலை. வீட்டுக்குப் போய் ஒழுங்கா ஒருதடவை பாடினேன். பக்கத்து வீட்டுக்காரன் செவுத்தைத் தட்டுறான்."

சிரிப்பு வந்தது, ஆனால் அவர் சிரிக்கவில்லை. நேற்று நான் சொர்க்கம் என்று நினைத்தது அவருக்குக் குறையாகப் பட்டிருக்கிறது. அவர் ஒருவருக்கு மட்டுமா?

ஏப்ரல் 13

நாத்தனார் வந்தார். உட்காரவில்லை. தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

"தம்பி ஆளு புடிச்சுக் குடுக்கிறான், நீ படுக்கப் போடுற. குடும்பமே தொழில்ல எறங்கியாச்சு, எனக்கு மட்டும் சொல்லலை."

"தொழில் இல்லக்கா. விறகுக்கு மட்டும்தான்..."

"ஆமா, விறகுக்கு. எனக்கு ரூமுக்கு. நாலு ரூம் காலியாக் கெடக்கு. வாசல் வரைக்கும் வருதுங்க, வாடகையைக் கேக்குதுங்க, 'அப்ப கூடத்துக்கே போயிடலாம்'னு என் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுப் போகுதுங்க. மழைக்கு முன்ன கூரை மாத்தணும் நான். உன் கூரையைக் கமிட்டி மாத்தும்."

அவர் ஒற்றை ஆளாக நின்று அந்த லாட்ஜைக் காப்பாற்றி வருகிறவர். கஞ்சத்தனம் என்று ஊர் சொல்லும், நான் சொல்ல மாட்டேன்.

வாசலில் திரும்பி நின்று சொன்னார்: "சாமிய ரகசியம் பேச வச்சுட்ட நீ."

இவர் சாப்பிடும்போது, "அக்கா திட்டினாளா?" என்றார். ஆமாம் என்றேன். "எனக்கு நாளைக்குத் திட்டு" என்று சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

ஏப்ரல் 18

வழிபாடு முடிந்ததும் யாரும் எழுந்திருக்கவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது.

மருந்துக்கடைக்காரர் நல்ல மனிதர். மாத்திரையைப் பாதியாக உடைப்பது மாதிரிப் பார்த்துப் பார்த்துப் பேசினார். "தப்புன்னு சொல்லலைம்மா. ஆனா அன்னைக்கு நாங்க சத்தமாப் பாட முடியல. நீங்களும் சொல்லல, நாங்களும் பேசிக்கல, ஆனா முடியல. அப்ப இந்தக் கூடம் யாருக்கு, சாமிக்கா, தூங்கறவங்களுக்கா? அதுதான் எல்லாரும் கேக்கறாங்க. இனிமே யாரையும் படுக்க வைக்க மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்."

ஒரு வார்த்தை. சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதற்கு முன்னால் நின்று எப்படிச் சொல்வது?

"வாசல்ல நனைஞ்சு நின்னாங்கன்னா திறந்துடுவேங்கய்யா. மாட்டேன்னு இன்னைக்குச் சொல்லிட்டு நாளைக்குத் திறந்தா, அது இதைவிடத் தப்பு."

இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் பெஞ்சில் வைத்தேன். அதை யார் எடுப்பது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில், "குடுங்க, நான் வச்சுக்கறேன்" என்று எடுத்தது என் நாத்தனார்.

ஏப்ரல் 19

கணக்கு மட்டும் எழுதினேன்.

ஏப்ரல் 23

கை தானாக இடுப்புக்குப் போகிறது. தினமும் அதே நேரத்துக்குக் கால் தானாகக் கிளம்புகிறது. வாசல்படி வரை போய் நின்றுவிட்டுத் திரும்புகிறேன்.

வந்தவர்களை அடுப்படியில் படுக்க வைத்தேன், இரண்டு பேர். மூன்றாவது ஆளுக்கு இடமில்லாமல் இவர் பஸ் ஸ்டாண்டில் நிற்கிற தன் பஸ்ஸைத் திறந்துவிட்டார். காலையில் டிப்போ மேனேஜர் பார்த்துவிட்டார். இனி இப்படி நடந்தால் எழுத்தில் விளக்கம் கேட்பேன் என்று சொல்லியிருக்கிறாராம். "பஸ்ஸுல தூங்கறதுக்கு டிக்கெட் எடுக்கணும்னு ரூல்ல இல்லையே சார்" என்று இவர் கேட்டாராம். இந்த மனிதரை என்ன செய்வது!

ஏப்ரல் 25

வழிபாடு. எல்லோரும் ஓங்கிப் பாடினார்கள். வெண்கலம் பாடியதில் ஜன்னல் கடகடவென்றது. எனக்குத்தான் குரல் வரவில்லை.

அழுதேன். யாருக்கும் தெரியாது, பாட்டு அவ்வளவு சத்தம். என்னத்துக்கு அழுகிறாய்? சாவிக்கா? சாமி சாவிக்குள்ளயா இருக்கு? இல்லைன்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சும் அழுகை வருதே, என்ன செய்ய. என் வீட்டைவிட அதிகமா அந்தத் தரையைத் துடைச்சிருக்கேன்.

மே 1

பனி இறங்கவே இல்லை. ஊர் பாதிதான் இருக்கிறது. எதிர்வீட்டு ஜன்னல் மட்டும் அந்தரத்தில் மஞ்சளாகத் தொங்குகிறது. மேலேயிருந்து இறங்குகிறவர்கள் முதலில் குரலாக வருகிறார்கள், பிறகு காலாக, கடைசியில்தான் முகம்.

மே 8

நீண்ட விடுமுறையாம். கடைத்தெரு முழுக்க மூட்டைகள். லாட்ஜ் நிரம்பி, நாத்தனார் தன் சொந்த அறையையும் வாடகைக்கு விட்டுவிட்டார் என்று இவர் சொன்னார். நல்லது, கூரைக்கு ஆகும் என்று உண்மையாகவே நினைத்தேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு நாத்தனாரே வந்தார். தலைமுடி எல்லாம் பனித்துளி.

"உன்கிட்ட போர்வை எத்தனை இருக்கு?"

"எதுக்குக்கா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"எங்களுக்குப் போக ஆறு."

"எடு."

எடுத்து மடித்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டவர் போகவில்லை. சுவரிடம் சொல்வது மாதிரிச் சொன்னார்:

"இடம் இல்லைன்னு சொன்னேன். 'பரவாயில்லைம்மா, உங்க சமையக்கட்டுச் சுவரு சூடா இருக்கு, சாஞ்சுக்கறோம்'ங்குதுங்க. சொல்லிட்டு வரிசையாச் சாஞ்சுக்கவும் சாஞ்சிடுச்சுங்க. அந்தச் சுவத்துக்கு இந்தப் பக்கம்தான் நான் இன்னைக்குப் படுக்கணும். சுவத்துக்கு அந்தப் பக்கம் எட்டு முதுகு. எனக்குத் தூக்கம் வருமாடி?"

உதட்டைக் கடித்துக்கொண்டேன். சிரித்தால் போச்சு.

"கூடத்துல எந்த பெஞ்சு ஆடும்?"

"ஜன்னல்கிட்ட இருக்கிறது. அதுல யாரையும்..."

"யாரையும் என்ன? நான் யாரைப் பத்தியும் பேசல. பெஞ்சைப் பத்திக் கேட்டேன்."

"அடுப்புக்கு முதல்ல சின்ன விறகா வைங்கக்கா. இல்லேன்னா புகையும்."

"எனக்கு அடுப்பு பத்த வைக்கத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டுப் பனிக்குள் போனார். முதலில் முகம் மறைந்தது, பிறகு கால். என் ஆறு போர்வைகள் மட்டும் கொஞ்ச தூரம் நடந்து போவது தெரிந்தது.

மே 9

வழிபாட்டுக்குப் போனேன். தரை அப்போதுதான் துடைத்து ஈரம். நாத்தனார் கொட்டாவி விட்டுக்கொண்டே பாடினார்.

மே 17

மறைக்காமல் எழுதுகிறேன், பொறாமையாக இருக்கிறது. கூடத்துப் புகைபோக்கியில் சாயங்காலம் புகை வருகிறது. நான் மூட்டியது இல்லை. லாட்ஜுக்கு வந்து வாடகை கட்ட முடியாமல் திரும்புகிறவர்களிடம் நாத்தனார், "நில்லு, எங்க ஓடற" என்று அதட்டிவிட்டுச் சாவியை எடுக்கிறாராம். விறகுக்குக் காசு எண்ணி வாங்குகிறாராம், பைசா குறையாமல். இவர்தான் வந்து சொன்னார்.

"போய் சாவியைக் கேளேன். குடுத்துடுவா."

கேட்கலாம். கேட்டால் கொடுத்துவிட்டு மறுபடி லாட்ஜ் வாசலில் நின்று என்னைத் திட்டுவார். இப்போது அவருக்கும் தூக்கம் வருகிறது, வந்தவர்களுக்கும் வருகிறது. எனக்கு வராவிட்டால் என்ன?

சாமி, இந்த வரி பொய். எனக்கும் வருகிறது. நேற்று நன்றாகத் தூங்கினேன்.

மே 22

இருமல் மருந்து வாங்கப் போனேன். மருந்துக்கடைக்காரர் பாட்டிலைப் பொட்டலம் கட்டிக்கொண்டே, "கூடத்துப் பக்கம் சாயங்காலம் புகை வருதுன்னு சொன்னாங்க" என்றார்.

"அப்படியா?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. தெரியாதுன்னே வச்சுக்குங்க. கணுக்கால் வீக்கத்துக்கு இந்தக் களிம்பு நல்லது, நாலு டப்பா சும்மா கெடக்கு. உங்க நாத்தனார் வந்தா கொடுத்துவிடறேன்."

மே 30

ஏழு மணிக்கு வழிபாட்டுக்குப் போனேன். கதவு சாத்தியிருந்தது. ஒரு தாள் ஒட்டியிருந்தது, மருந்துக்கடைக்காரர் கையெழுத்தில்:

'பனி காரணமாக இன்று முதல் வழிபாடு காலை எட்டு மணிக்கு.'

பனி போய் ஒரு வாரம் ஆகிறது. வானம் கழுவித் துடைத்த தட்டு மாதிரி இருந்தது. மலை உச்சி வரைக்கும் ஒவ்வொரு கல்லும் தெரிந்தது. வெண்கலம் தாளைப் படித்தார். பாட்டுப் புத்தகத்தால் விசிறிக்கொண்டே, "ஆமா ஆமா, என்னா பனி" என்றார். பின்னால் வந்தவர்களும் படித்தார்கள். திரும்பி வீட்டுக்குப் போய் வரலாம், யாரும் போகவில்லை. தாழ்வாரத்தில் வரிசையாக இருந்த மூட்டைக்காரர்களின் பெரிய பெரிய செருப்புகளைத் தாண்டி முற்றத்துக்கு வந்து நின்றார்கள். நாத்தனார் என் பக்கத்தில் வந்து தன் குடையைப் பாதி என் தலைக்கு மேல் நீட்டினார்.

ஒரு மணி நேரம் வெயிலில் நின்றோம். யாரும் கதவைத் தட்டவில்லை.